கீசர் முதலில், ஏசி கடைசியில்: கோலார் தங்கவயல் வீடுகளில் எதை, எப்போது மாற்றுவது?

வீட்டைச் சூடாக்கும் கருவியையும் குளிரூட்டும் கருவியையும் எப்போது மாற்றுவது என்ற கேள்விக்கு மேலை நாடுகளில் ஆயத்தமான விடைகள் இருக்கின்றன. அங்கே பல வீடுகளில் இரண்டு வேலைக்கும் சேர்த்து ஒரே அமைப்புதான். நிலவறையிலோ பரணிலோ இருக்கும் ஓர் இயந்திரம் எல்லா அறைகளுக்கும் குழாய் வழியே காற்றை அனுப்புகிறது. அது நின்றால் வீடே நின்றுபோகும். பதினைந்து ஆண்டு ஆனால் மாற்றிவிடு, பழுதுச் செலவு புதுவிலையில் பாதியைத் தொட்டால் மாற்றிவிடு என்ற விதிகள் எல்லாம் அந்த அமைப்பை வைத்துப் பிறந்தவை.

நம் வீடுகளில் அப்படியொரு அமைப்பு கிடையாது. குளியலறையில் ஒரு கீசர், அது இல்லாத வீட்டில் வாளியில் போடும் ஹீட்டர் ராடு, கூடத்தில் சீலிங் ஃபேன், வெயில் காலத்துக்கு ஓர் ஏர் கூலர், வசதி வந்த பிறகு படுக்கையறையில் ஓர் ஏசி. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு கடைகளில், வெவ்வேறு தேவைக்காக வாங்கியவை. எதை எப்போது மாற்றுவது என்பதையும் தனித்தனியாகத்தான் தீர்மானிக்க வேண்டும்.

கோலார் தங்கவயலில் இந்தத் தீர்மானம் சென்னைக்கும் வேலூருக்கும் பொருந்துவதுபோல் அமையாது. ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்ச் நடுவிலிருந்து மே முடிய வெயில் கடுமை. அப்போதும் பின்னிரவில் காற்று ஆறிவிடும். ஜூனில் மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் ஏசியின் தேவை பெரும்பாலும் முடிந்துவிட்டது. வெந்நீரோ ஆண்டு முழுக்க வேண்டும். மார்கழி, தையில் மட்டும் அல்ல. மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் வாழும் ஊர் இது. உரிகத்திலும் ஆண்டர்சன்பேட்டையிலும் ராபர்ட்சன்பேட்டையிலும் பல வீடுகளில் நான்கு மணிக்கே கீசர் சுவிட்சைத் தட்டுகிறார்கள். குளிரூட்டும் கருவி இரண்டரை மாதம் உழைக்கிறது. சூடாக்கும் கருவி பன்னிரண்டு மாதமும் உழைக்கிறது. இந்தக் கட்டுரையின் முடிவுகள் எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருபவை.

சுரங்கம் பார்த்த கணக்கு

பழைய இயந்திரத்தை எப்போது கைவிடுவது என்ற கேள்வி இந்த ஊருக்குப் புதிதல்ல. 1880 முதல் இங்கே தங்கம் எடுத்த ஜான் டெய்லர் நிறுவனத்தின் சுரங்கங்கள் முதலில் நீராவியால் இயங்கின. அதற்கு விறகும் நிலக்கரியும் மலைபோல் வேண்டியிருந்தது. காவிரியில் சிவனசமுத்திரத்தில் மின்நிலையம் எழுந்து, 1902 ஜூன் 30 அன்று ஏறத்தாழ 147 கிலோமீட்டர் நீளக் கம்பி வழியே மின்சாரம் தங்கவயலை எட்டியது. அந்தக் காலத்தில் உலகின் மிக நீளமான மின்கடத்துப் பாதைகளில் அது ஒன்று. நீராவி இயந்திரங்கள் உடைந்துபோனதால் அந்த மாற்றம் வரவில்லை. அவை ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஓட்டும் செலவு கட்டுப்படியாகவில்லை. அவை நாள் முழுக்க, ஆண்டு முழுக்க ஓடியதால் அந்தச் செலவு கண்ணை உறுத்தியது.

ஆழம் கூடக்கூட இன்னொரு சிக்கல் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,200 மீட்டர் ஆழத்தைத் தொட்டது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 65 டிகிரி செல்சியஸையும் தாண்டும். காற்றை வெறுமனே உள்ளே தள்ளினால் போதாது. குளிர்வித்து அனுப்ப வேண்டியிருந்தது. பிரேசிலின் மோரோ வெல்யோ சுரங்கமும் தென்னாப்பிரிக்காவின் ராபின்சன் டீப் சுரங்கமும் தொடங்கிவைத்த வழியில் இங்கும் குளிரூட்டும் ஆலைகள் நிறுவப்பட்டன. வீடுகளில் ஏசி என்ற சொல்லே புழங்காத காலத்தில் இந்த ஊரில் ஆள் உயிரோடு வேலை செய்யக் குளிரூட்டும் கருவி வேண்டியிருந்தது. அது பழுதானால் எத்தனை ஆண்டு பழையது என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

மாற்றுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க இந்த இரண்டு அளவுகோலும் போதும். ஒன்று, கருவி ஆண்டில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது. இன்னொன்று, அது கெட்டால் உயிருக்கு என்ன ஆகும். 1972 முதல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பெயரில் இயங்கிய சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன. அளவுகோல்கள் அப்படியே இருக்கின்றன. வீட்டுக்காரர்கள்தான் அவற்றை விட்டுவிட்டு வயதையும் நட்சத்திரத்தையும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

புழக்கத்தில் உள்ள விதிகள்

முதல் விதி வயது. ஏசிக்குப் பத்திலிருந்து பதினைந்து, கீசருக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு, கூலருக்கு ஏழெட்டு என்று கடைக்காரர்கள் சொல்லும் கணக்கு. இது மொத்தத்தில் தவறல்ல. ஆனால் ஆண்டுக்கு 2,000 மணி நேரம் ஓடும் சென்னை ஏசியும் 400 மணி நேரம் ஓடும் தங்கவயல் ஏசியும் ஒரே வயதில் மூப்படைவதில்லை. கம்ப்ரசரின் தேய்மானம் ஓடிய நேரத்தைப் பொறுத்தது. காயிலின் அரிப்பும் ரப்பரின் முதுமையும் மட்டுமே காலண்டரைப் பொறுத்தவை. கடற்காற்று படாத ஊர் என்பதால் அந்த அரிப்பும் இங்கே மெதுவாகத்தான் நடக்கும்.

இரண்டாவது, பாதிவிலை விதி. பழுதுபார்க்கும் செலவு புதுக் கருவியின் விலையில் பாதியைத் தாண்டினால் புதிது வாங்கு என்பது. இதற்கு அமெரிக்காவில் இன்னொரு வடிவம் உண்டு: கருவியின் வயதைப் பழுதுச் செலவால் பெருக்கு, 5,000 டாலரைத் தாண்டினால் மாற்று. கூலி மிகுந்த நாட்டின் கணக்கு இது. அங்கே மெக்கானிக் வாசற்படி ஏறினாலே நூறு டாலர். இங்கே கெபாசிட்டர் மாற்றவும் ஃபேன் மோட்டார் சுற்றவும் சில நூறு ரூபாயோ ஓரிரு ஆயிரமோ போதும். பழுதுபார்க்கும் கை இன்னும் மலிவாகக் கிடைக்கும் ஊரில் இந்த விதி பெரும்பாலும் 'பழுதுபார்' என்றே விடை சொல்லும்.

மூன்றாவது, மின்கட்டண விதி. பழைய கருவி மின்சாரத்தைத் தின்கிறது, புதிய ஐந்து நட்சத்திரக் கருவி சேமிக்கிறது, சேமிப்பிலேயே விலை வந்துவிடும் என்பது. விளம்பரங்கள் இதன்மேல்தான் நிற்கின்றன. இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

நட்சத்திரம் யாருக்காக எண்ணப்பட்டது?

மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் ஏசிக்குத் தரும் நட்சத்திரச் சீட்டில் ஆண்டு மின்செலவு என்று ஓர் எண் அச்சாகியிருக்கும். அது ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஏசி ஓடும் என்ற அனுமானத்தில் கணக்கிட்டது. டெல்லி, நாக்பூர், சென்னை போன்ற ஊர்களின் வெயிலுக்கு அது நியாயமான சராசரி. தங்கவயலில் அந்த அனுமானமே பொருந்தாது.

ஓர் எளிய கணக்குப் போடலாம். 2010 வாக்கில் வாங்கிய ஒன்றரை டன் ஏசி, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2.7 யூனிட் குளிர் தருவதாக வைத்துக்கொள்வோம். 2022 ஜூலையில் வந்த அளவுகோலின்படி ஐந்து நட்சத்திர ஏசி குறைந்தது 5 யூனிட் குளிர் தர வேண்டியிருந்தது. சராசரியாகக் கொள்ளளவில் பாதிச் சுமையில் ஓடினால் பழையது மணிக்கு ஏறத்தாழ 0.96 யூனிட்டும் புதியது 0.52 யூனிட்டும் இழுக்கும். வித்தியாசம் 0.44 யூனிட். 1,600 மணி நேரத்துக்கு இது 700 யூனிட். யூனிட்டுக்கு ஆறு ரூபாய் என்றால் ஆண்டுக்கு ரூ. 4,200. புது ஏசியின் விலை பொருத்துக்கூலியோடு ரூ. 42,000 என்றால் பத்தாண்டில் பணம் திரும்பும். சென்னைக்கு இது யோசிக்கத்தக்க கணக்கு.

தங்கவயலில் எழுபத்தைந்து இரவுகள், இரவுக்கு ஐந்தரை மணி நேரம் என்றால் ஆண்டுக்கு 400 மணி நேரத்துக்குச் சற்று அதிகம். சேமிப்பு 180 யூனிட், அதாவது ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். அதே 42,000 ரூபாய் திரும்ப நாற்பது ஆண்டு ஆகும். அதற்குள் புது ஏசியும் பழையதாகி, அதற்கும் அடுத்ததும் பழையதாகியிருக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக மட்டுமே ஓடுகிற ஏசியைக் கழற்றிப் போடுவது இந்த ஊரில் நஷ்டக் கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது விலையைக் கொஞ்சம் இறக்கியது. இந்த முடிவை மாற்றும் அளவுக்கு அல்ல.

இருநூறு யூனிட்டின் கோடு

இந்தக் கணக்கில் கர்நாடகத்துக்கே உரிய ஒரு சுழி உண்டு. 2023இல் தொடங்கிய கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு மின்சாரம் இலவசம். ஆனால் எல்லோருக்கும் முழு 200 இல்லை. 2022-23ஆம் ஆண்டில் அந்த வீட்டின் மாதச் சராசரி எவ்வளவோ, அதற்குமேல் ஒரு சிறு கூடுதல் சேர்த்ததே அந்த வீட்டின் பங்கு. பங்கைத் தாண்டி 200க்குள் இருந்தால் தாண்டியதற்கு மட்டும் பணம். 200ஐத் தாண்டினால் முழு பில்லையும் கட்ட வேண்டும்.

மாதம் 110 யூனிட் பங்குள்ள ஒரு வீட்டில், ஏசி இல்லாத செலவு 100 யூனிட் என்று கொள்வோம். ஏப்ரலில் பழைய ஏசி 158 யூனிட் இழுத்தால் மொத்தம் 258. முழு பில்லும் விழும். ஆறு ரூபாய்க் கணக்கில் ரூ. 1,548. புது ஏசி 86 யூனிட் இழுத்தால் மொத்தம் 186. கட்ட வேண்டியது 76 யூனிட்டுக்கு ரூ. 456. ஒரே மாதத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். இப்படி இரண்டரை மாதம் வந்தாலும் ஆண்டுக்கு 2,700 ரூபாய்தான். விலை திரும்பப் பதினைந்து ஆண்டு ஆகிவிடும். ஆகவே கோட்டின் விளிம்பில் நிற்கும் வீடுகளுக்கு மட்டும் இது ஒரு காரணம், அதுவும் அரைக் காரணம். அதே வீடு ஏசியை 22இல் வைக்காமல் 26இல் வைத்து ஃபேனையும் சுழலவிட்டால் காசு செலவில்லாமலே கோட்டுக்கு நெருங்கி வந்துவிடும். 2020 ஜனவரி முதல் விற்பனைக்கு வரும் ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று அரசு விதித்ததும் இந்தக் காரணத்துக்குத்தான்.

இலவச மின்சாரத்தால் இன்னொரு விளைவும் உண்டு. பில் வராத வீட்டில் கருவி கெட்டுக்கொண்டிருப்பதைச் சொல்லப் பில்லும் இல்லை. கசியும் கருவி, தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டு ஓயாமல் கொதிக்கும் கீசர், இவையெல்லாம் முன்பு பணத்தின் வழியே தெரிந்தன. இப்போது அந்த மணி அடிப்பதில்லை. பணம் கட்டாவிட்டாலும் பில்லில் அச்சாகும் யூனிட் எண்ணை மாதாமாதம் பார்த்துவைப்பது நல்லது.

கீசர்: முதலில் பார்க்க வேண்டியது

கீசரைப் பற்றிய பொது நம்பிக்கை, பழையதானால் மின்சாரத்தை அதிகம் இழுக்கும் என்பது. ஏசிக்குப் பொருந்துவது கீசருக்குப் பொருந்தாது. மின்சாரக் கம்பியின் சூடு எல்லாம் தண்ணீருக்குள்தான் போக வேண்டும். வேறு வழி இல்லை. 20 டிகிரித் தண்ணீரை 40 டிகிரிக்கு ஏற்ற, 20 லிட்டர் வாளிக்கு அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகத் தேவை. பழைய கீசரானாலும் புதியதானாலும் இதில் பெரிய மாற்றம் இல்லை. நான்கு பேர் வீட்டில் நாளைக்கு இரண்டு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு, மாதம் 55 முதல் 60 வரை. கீசரின் நட்சத்திரம் குறிப்பது, சும்மா இருக்கும்போது தொட்டியிலிருந்து ஆறிப்போகும் வெப்பத்தை. குளிக்கும் நேரத்தில் மட்டும் சுவிட்ச் போடும் வீட்டில் அந்த இழப்பு சொற்பம்.

ஆக, கீசரின் முதுமை பில்லில் தெரியாது. அது தெரியும் இடங்கள் வேறு. கோலார் மாவட்டத்தில் போர்வெல் ஆழம் போகப்போகத் தண்ணீரின் கடினத்தன்மையும் கூடியது. டாங்கரில் வருவதும் பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான். சில ஆண்டு ஓடிய கீசரின் அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தால் இது கண்ணுக்குத் தெரியும். வெப்பமூட்டும் கம்பிச்சுருள் கம்பியாகவே இருக்காது. முட்டை ஓடு அடுக்கடுக்காக ஒட்டியதுபோல் வெள்ளைச் சுண்ணாம்பு தடித்திருக்கும். தட்டினால் பாளம் பாளமாக உதிரும். பக்கத்தில் மெக்னீசியத் தண்டு ஒன்று இருந்திருக்க வேண்டும். தொட்டியின் இரும்பை அரிக்காமல் தான் அரிபட்டுக் காப்பதற்காக வைத்த தண்டு அது. பெரும்பாலான வீடுகளில் அது நடுவிலுள்ள மெல்லிய கம்பி மட்டுமாக மிஞ்சியிருக்கும். அதற்குப் பிறகு அரிபடுவது தொட்டிதான்.

இதிலிருந்து தெளிவான எல்லை கிடைக்கிறது. கீசர் கெட்டில்போல் இரைகிறது, தண்ணீர் சூடாக நேரம் எடுக்கிறது, சூடே ஆகவில்லை என்றால் குறை கம்பிச்சுருளிலோ தெர்மோஸ்டாட்டிலோ இருக்கும். மாற்றினால் தீரும், ஓரிரு ஆயிரத்தைத் தாண்டாது. தண்டை ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னால் தொட்டியின் ஆயுளே கூடும். துருநிறத் தண்ணீர் வருகிறது, தொட்டியின் பற்றுவைப்பில் ஈரம் கசிகிறது, தண்ணீரைத் தொட்டால் சுரீரென்கிறது என்றால் அதற்குமேல் பழுதுபார்ப்பு கிடையாது. அன்றே நிறுத்த வேண்டும். ஒட்டுப்போட்ட தொட்டி அழுத்தத்தைத் தாங்காது. பாதுகாப்பு வால்வு ஒழுகுகிறது என்று மரக்குச்சி செருகி அடைப்பவர்கள் உண்டு. அந்த வால்வு அடைபட்டு, தெர்மோஸ்டாட்டும் சிக்கிக்கொண்டால் கீசர் வெடிக்கக்கூடும்.

வாளி ராடுக்கு இன்னும் கடுமையான விதி. அதன் உறையில் விரிசலோ கருகலோ தெரிந்தால், கைப்பிடி தளர்ந்தால், தண்ணீரில் ஒருமுறை அதிர்வு உணர்ந்தால் தூக்கி எறிய வேண்டும். புதிது சில நூறு ரூபாய்தான். வாங்கும்போது ஐஎஸ் 368 முத்திரையும், கீசருக்கு ஐஎஸ் 2082 முத்திரையும் பார்ப்பது கட்டாயம். எரிவாயு கீசரின் ஆபத்து வேறு வகை. காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமும் மணமும் இல்லாத வாயு, மயக்கம் வருமுன் எச்சரிக்கை தராது. அது புதியதா பழையதா என்பது இரண்டாம் பேச்சு. குளியலறைக்கு உள்ளே இருந்தால் வெளியே மாற்ற வேண்டும், முடியாவிட்டால் கழற்ற வேண்டும்.

மொட்டைமாடி உள்ளவர்கள் சூரிய வெந்நீர்க் கருவியை எண்ணலாம். மின்கட்டணத்தில் யூனிட்டுக்கு 50 பைசா, மாதம் 50 ரூபாய் வரை சலுகை உண்டு. ஆனால் முழுக்க இலவச மின்சாரத்துக்குள் வாழும் வீட்டுக்கு அதனால் பண லாபம் ஏறத்தாழ இல்லை. 200ஐத் தாண்டும் வீட்டுக்கோ கீசரின் 55 யூனிட் குறைவதே கோட்டுக்குள் இழுத்துவிடக்கூடும். ஏசியை மாற்றிப் பெறுவதைவிட இது பல வீடுகளில் பலன் தரும். கடின நீர் அதன் குழாய்களிலும் படியும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

ஏசி: எப்போது கைவிடலாம்?

மின்சாரச் சேமிப்பைக் காரணமாக ஏற்காவிட்டால் ஏசியை மாற்ற மிஞ்சும் காரணங்கள் மூன்று.

முதலாவது வாயு. பழைய ஏசிகளில் ஆர்-22 என்ற வாயு இருக்கும். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கையின் தொடர்ச்சியாக, இந்தியாவில் 2025 தொடக்கத்திலிருந்து அந்த வகை வாயுவை வைத்துப் புதுக் கருவி செய்வது நின்றுவிட்டது. பழுதுக்கான வரத்தும் சுருங்கிக்கொண்டே போகும். இப்போது வருபவை பெரும்பாலும் ஆர்-32. சில கருவிகளில் ஆர்-290 எனப்படும் புரொப்பேன். ஆர்-22 கருவியில் இவற்றை நிரப்பச் சொல்லும் மெக்கானிக்கிடமிருந்து விலகி நிற்பது நல்லது. அழுத்தமும் எண்ணெயும் வேறு, தீப்பற்றும் இயல்பும் உண்டு. ஆர்-22 ஏசி கசியாமல் ஓடும்வரை ஓடட்டும். கசிந்தால் அதுவே அதன் ஓய்வு நாள்.

இரண்டாவது, திரும்பத் திரும்ப வரும் கசிவு. ஏசியின் வாயு பெட்ரோல்போல் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஆண்டுதோறும் 'கேஸ் ஃபில்லிங்' செய்கிற வீடு ஆண்டுதோறும் ஏமாறுகிறது என்று பொருள். நல்ல மெக்கானிக் முதலில் வெளிப்பெட்டியின் செம்புக் குழாய் சேரும் நட்டைப் பார்ப்பார். அங்கே தூசி எண்ணெய்ப் பசையோடு கறுத்து ஒட்டியிருந்தால் வாயு கசிந்த தடம் அது. நைட்ரஜனை அழுத்தத்தில் நிரப்பிச் சோப்பு நுரை தடவுவார். நுரை கொப்பளிக்கும் இடம் இணைப்பென்றால் இறுக்கியோ பற்றவைத்தோ தீர்க்கலாம். காயிலின் நடுவில் பல இடங்களில் கொப்பளித்தால், அதுவும் அலுமினியக் காயிலானால், பழுதுபார்ப்பது வீண்செலவு.

மூன்றாவது, உத்தரவாதம் முடிந்த கம்ப்ரசர் எரிவது. அப்போது பாதிவிலை விதியை அப்படியே பின்பற்றலாம். இன்வெர்ட்டர் ஏசியின் மின்பலகை பழுதானால் உடனே விட்டுவிட வேண்டியதில்லை. பலகையைச் சரிசெய்பவர்கள் பெங்களூரில் இருக்கிறார்கள்.

இவை மூன்றும் இல்லாமல் 'குளிர் குறைந்துவிட்டது' என்பது மட்டும் குறை என்றால் தங்கவயல்காரர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது தூசியை. ஊரைச் சுற்றி நிற்கும் பதின்மூன்று சுரங்கக் கழிவு மேடுகளை மக்கள் சயனைடு மேடு என்கிறார்கள். காற்றுக் காலத்தில் அங்கிருந்து பறக்கும் மாவுத்தூசி ஏசியின் வெளிப்பெட்டித் தகடுகளுக்கிடையில் அப்பிக்கொள்கிறது. வெப்பத்தை வெளியே தள்ள முடியாமல் கருவி திணறும். தண்ணீர் பாய்ச்சிக் கழுவினால் பாதி ஏசிகள் மறுபடி குளிரும். வெயில் தொடங்குமுன் ஒருமுறை, காற்று அடங்கியபின் ஒருமுறை கழுவுவது இங்கே வழக்கமாக வேண்டும்.

முதலில் கூரை, பிறகு ஃபேன்

மாற்றுவதைப் பற்றிய பேச்சில் எப்போதும் விடுபடுவது வீடு. சுரங்கத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளான லைன்களில் தகரக் கூரையும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் போட்ட வீடுகள் இன்னும் ஏராளம். அந்தக் கூரையின் கீழ் எந்தக் கருவியும் இரட்டிப்பு வேலை செய்ய வேண்டியிருக்கும். கூரைமேல் வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ அடித்தால் உள்ளே இரண்டிலிருந்து ஐந்து டிகிரி வரை இறங்குவது பல ஊர்களில் கண்ட அனுபவம். தெலங்கானா 2023இல் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை வகுத்தது. கர்நாடகத்திலும் இத்தகைய கொள்கை வந்தால் முதலில் பயன்பெற வேண்டியவை சுரங்க லைன் வீடுகள்.

அடுத்தது ஃபேன். மாற்றினால் உண்மையிலேயே பணம் திரும்பும் கருவி இதுதான். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி மோட்டார் ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். ஆண்டில் எட்டு மாதம், நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழலும் ஃபேனில் 130 யூனிட் மிச்சம். மின்கட்டணம் கட்டும் வீட்டுக்கு ஏறத்தாழ 780 ரூபாய். மூவாயிரம் ரூபாய் ஃபேன் நான்கு ஆண்டுக்குள் விலையைத் திருப்பிவிடும். நாற்பதாயிரம் ரூபாய் ஏசி நாற்பது ஆண்டில் செய்வதை மூவாயிரம் ரூபாய் ஃபேன் நான்கில் செய்கிறது. காரணம் ஒன்றுதான்: அதிக நேரம் ஓடுவது அது.

ஏர் கூலர் தங்கவயலின் வறண்ட மார்ச், ஏப்ரலுக்கு நன்றாகவே பொருந்தும். இருநூறு வாட்டுக்குள் வேலை முடியும். மே மழைக்குப் பின் காற்றில் ஈரம் ஏறினால் அது புழுக்கத்தைத்தான் கூட்டும். அதைக் கருவியின் கோளாறாக எண்ணி மாற்றக் கூடாது. உப்புத் தண்ணீரால் பேடு இறுகி வெளுத்திருந்தால் பேடை மட்டும் மாற்றினால் புதுக் கூலர்போல் ஓடும். தகர உடல் துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலோ, பம்ப் அருகே மின்கசிவு தெரிந்தாலோ மட்டும் கைவிடலாம். நாளொன்றுக்கு நாற்பது, ஐம்பது லிட்டர் தண்ணீர் குடிக்கும் கருவி அது என்பதையும், டாங்கருக்குக் காத்திருக்கும் வீடுகள் கணக்கில் கொள்ள வேண்டும். சுரங்கத் தூசியால் நுரையீரல் நலிந்த முதியவர் உள்ள வீட்டில் பாசி பிடித்த கூலரை ஒருநாளும் ஓட்டக் கூடாது.

மாற்றத் தீர்மானித்தபின்

கருவியைவிடப் பழையது சுவருக்குள் இருக்கும் மின்கம்பி என்ற நிலை பழைய லைன் வீடுகளில் உண்டு. ஒன்றரை டன் ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியும் தனி எம்சிபியும் வேண்டும். கீசருக்கும் தனி இணைப்பும் சரியாக இயங்கும் எர்த்தும் வேண்டும். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று பொருத்தினால் கீசர், ராடு, கூலர் மூன்றின் மின்கசிவுக்கும் சேர்த்துக் காவல். புதுக் கருவி வாங்கப் பணம் வைத்திருப்பவர் முதலில் இதற்கு ஒதுக்க வேண்டும். 120 சதுர அடி அறைக்கு இந்த ஊரில் ஒரு டன் ஏசி தாராளம். குறைந்த மணி நேரம் ஓட்டுபவருக்கு மூன்று நட்சத்திரம் போதும். ஐந்துக்காகக் கொடுக்கும் கூடுதல் விலை இங்கே திரும்பாது. பழைய ஏசியைக் காயலான் கடையில் வாயுவைக் காற்றில் திறந்துவிட்டு உடைக்கக் கொடுக்காமல், 2022ஆம் ஆண்டு மின்கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளருக்கோ எக்ஸ்சேஞ்ச் எடுக்கும் கடைக்கோ கொடுக்கலாம்.

தொகுத்துச் சொன்னால், கோலார் தங்கவயல் வீட்டுக்கு வரிசை இது. கருகிய ராடு, கசியும் கீசர், குளியலறைக்குள் எரியும் எரிவாயு கீசர் மூன்றும் இன்றே போக வேண்டும். அவற்றில் கணக்குப் பார்க்க எதுவும் இல்லை. அடுத்து எர்த்தும் ஆர்சிசிபியும். பிறகு கூரைக்கு வெள்ளை. பிறகு அதிகம் சுழலும் ஃபேன். கூலருக்குப் பேடு. ஏசி கடைசியில், அதுவும் வாயுவோ காயிலோ கம்ப்ரசரோ போனால் மட்டும். பத்து ஆண்டு ஆகிவிட்டது என்பதற்காகவோ, கோடைத் தள்ளுபடி வந்துவிட்டது என்பதற்காகவோ ஓடுகிற ஏசியைக் கழற்ற நினைப்பவர்கள் அந்தப் பணத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்து, நாளை காலை கீசரின் அடித்தட்டைத் திறந்து பார்க்க ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடட்டும்.